பழைய ஃபைலில் பெயர் மாற்றாதீர்கள்

சென்னை தம்பு செட்டித் தெருவில் ஜாப் டைப்பிங், டி.டி.பி. கடை நடத்தும் 'டைப்பிங் அக்கா' இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, பெரம்பூரில் சின்னதாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம்தான் அதிகம் வரும். பழைய ஒப்பந்தத்தைத் திறந்து பெயர், முகவரி, தொகையை மாற்றிப் பிரிண்ட் எடுப்பேன். போன வாரம் மூன்றாம் பக்கத்தில் பழைய வாடகைதாரர் பெயர் அப்படியே இருந்துவிட்டது. கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் பார்த்தார்கள். முத்திரைத்தாள் வீண். இதற்கு ஒரு மேக்ரோ எழுதித் தர முடியுமா?
— பெரம்பூர் வாசகர்

பதில்: எழுதித் தரலாம், தம்பி. ஆனால் வேர்டுக்குள் ஒரு வேலையைத் தானாகச் செய்யும் சின்னப் புரோகிராம்தான் மேக்ரோ, அது உங்களுக்கு இப்போது தேவையில்லை. பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே மாற்றும் பழக்கம் போனாலே முக்கால்வாசித் தொல்லை தீரும். அந்தப் பழக்கம் இருக்கும்வரை எந்த மேக்ரோவும் உங்களைக் காப்பாற்றாது.

வேர்டில் ஒரு ஒப்பந்தத்தை எடுத்துப் பெயர், தொகை எல்லாவற்றையும் அழித்து வெறும் மாதிரிப் படிவமாக்குங்கள். வீட்டுக்காரர் பெயர் வர வேண்டிய முதல் இடத்தில் கர்சரை வைத்து 'இன்சர்ட்' பகுதியில் 'குவிக் பார்ட்ஸ்', அதற்குள் 'டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டி' போங்கள். 'கம்பெனி', 'மேனேஜர்', 'சப்ஜெக்ட்', 'பப்ளிஷ் டேட்' என்று ஒரு பட்டியல் வரும். வீட்டுக்காரருக்குக் 'கம்பெனி', வாடகைதாரருக்கு 'மேனேஜர்', மாத வாடகைக்குச் 'சப்ஜெக்ட்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதே பெட்டியைப் போடுங்கள். அப்புறம் முதல் பக்கத்தில் ஒரு முறை வாடகைதாரர் பெயரை அடித்தால் மூன்றாம் பக்கத்திலும் சாட்சிக் கையெழுத்துக்கு மேலேயும் தானாக மாறிவிடும். 'பப்ளிஷ் டேட்'டைத் தொட்டால் காலண்டரே திறக்கும்.

இதைச் சாதாரண டாக்குமென்டாகச் சேமிக்காதீர்கள். 'சேவ் ஆஸ்' போய் 'வேர்டு டெம்ப்ளேட்' வகையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு அப்புறம் அந்த ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் புது டாக்குமென்ட்தான் திறக்கும், மூலத்தில் யார் கையும் படாது. கடையில் பையனை உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் பயமில்லை.

ஒரே நாளில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கே இருபது, முப்பது ஒப்பந்தம் போட வேண்டி வந்தால், எக்செல் பட்டியலிலிருந்து ஒவ்வொருவர் விவரத்தையும் வேர்டே எடுத்து நிரப்பும் மெயில் மெர்ஜ் வசதியைப் பயன்படுத்துங்கள். எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு வாடகைதாரர். இதில் எல்லோருக்கும் இடறுவது தேதியும் தொகையும்தான். எக்செல்லில் அழகாக நாள், மாதம், வருடம் என்று தெரிவது வேர்டுக்குள் வந்ததும் மாதம் முன்னால் போய் நிற்கும். ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் நாம் போடும் கமா காணாமல் போகும். எக்செல்லிலேயே பக்கத்தில் இன்னொரு காலம் (நெடுவரிசை) போட்டு, தேதியையும் தொகையையும் அச்சில் எப்படி வர வேண்டுமோ அப்படியே எழுத்தாக மாற்றி வையுங்கள். தேதிக்கு 'டெக்ஸ்ட்' ஃபங்ஷன் போதும். 'ரூபாய் பதினைந்தாயிரம் மட்டும்' என்பதற்கும் தனிக் காலம் இருக்கட்டும்.

கேள்வி: வங்கியிலிருந்து வந்ததாக ஒரு வேர்டு ஃபைல் மெயிலில் வந்தது. திறந்தால் 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தச் சொல்கிறது. அழுத்தலாமா?
— குரோம்பேட்டை வாசகி

பதில்: அழுத்தவே அழுத்தாதீர்கள். அதை அழுத்தினால் ஃபைலுக்குள் இருக்கும் மேக்ரோ ஓட ஆரம்பிக்கும். மேக்ரோ என்பது உங்கள் கணினியில் ஓடும் ஒரு புரோகிராம். 1999-ல் பரவிய மெலிஸா வைரஸ் ஒரு வேர்டு ஃபைலுக்குள் இருந்த மேக்ரோதான். திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. இதனால்தான் 2022-ல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் மேக்ரோவை முதலிலேயே தடுத்துவைக்க ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரிந்தவர் எழுதிய ஃபைல் என்று அவரிடமே போன் போட்டு உறுதி செய்த பிறகுதான் அந்தத் தடையை நீக்கலாம்.

கேள்வி: அக்கா, எங்கள் சங்க மலருக்கு வரும் கட்டுரைகளில் ஒரே மாதிரியான எழுத்துப்பிழைகளைத் திருத்த மேக்ரோ எழுதிப் பார்த்தேன். எடிட்டரில் தமிழை ஒட்டினால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடுகிறது. வேர்டுக்குத் தமிழ் தெரியாதா?
— நங்கநல்லூர் வாசகர்

பதில்: வேர்டுக்கு நன்றாகவே தெரியும். ஆல்ட்டும் எஃப்11-உம் அழுத்தினால் வருகிறதே, அந்த எடிட்டர் ஜன்னலுக்குத்தான் தெரியாது. வேர்டு மேக்ரோக்களுக்கு விஷுவல் பேசிக் 1997 பதிப்பில் வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த எடிட்டர், எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறைக்கு மாறவில்லை. டாக்குமென்டும் யூனிகோடு, மேக்ரோ உள்ளே கையாளும் எழுத்தும் யூனிகோடு, நடுவில் நாம் எழுதும் பலகை மட்டும் பழசு. தமிழில் வேலை செய்கிறவர்கள் இத்தனை பேர் இருந்தும் இது சரியாகாமல் கிடப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

ஒரு வழி, எழுத்துக்குப் பதில் எண் கொடுப்பது. 'சி எச் ஆர் டபிள்யூ' என்ற ஃபங்ஷனுக்கு 2965 கொடுத்தால் 'க' வரும். 'அம்மா' வேண்டுமென்றால் 2949, 2990, 3021, 2990, 3006 என்று ஐந்து எண்களைக் கோக்க வேண்டும். அகரம், மகரம், புள்ளி, மறுபடி மகரம், கால். ஓரிரு சொல்லுக்கு இது சரி. நூறு சொல்லுக்கு முடியாது.

நான் கடையில் செய்வது வேறு. மேக்ரோவுக்குள் தமிழே வைப்பதில்லை. தனியாக ஒரு வேர்டு ஃபைலில் இரண்டு காலம் உள்ள டேபிள் வைத்திருக்கிறேன். இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் சரி: 'முயற்ச்சி', 'முயற்சி', 'கோர்த்து', 'கோத்து'. மேக்ரோ அந்த டேபிளை வரிசை வரிசையாகப் படித்து, கட்டுரையில் தேடி மாற்றும். புதுப் பிழை கண்ணில் பட்டால் கடைப் பெண்கள் டேபிளில் ஒரு வரிசை சேர்த்துவிடுவார்கள், மேக்ரோவை யாரும் திறக்க வேண்டியதில்லை.

இதில் ஒரே ஒரு பொறி உண்டு. டேபிள் செல்லிலிருந்து எழுத்தை எடுத்தால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். 'முயற்ச்சி' என்று தேடுகிறோம் என்று நாம் நினைத்திருக்க, மேக்ரோ 'முயற்ச்சி'யும் அந்த இரண்டு குறியும் சேர்ந்ததைத் தேடும். எதுவும் அகப்படாது, பிழைச் செய்தியும் வராது. எடுத்த உடனே கடைசி இரண்டு எழுத்தை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: என் அப்பா எழுதிய ஊர் வரலாறு பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் பெரிய வேர்டு ஃபைலாக இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றிப் புத்தகமாகப் போட ஆசை. மகன் பைதான் என்ற நிரல் மொழியில் அதற்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்னப் புரோகிராம், எழுதுகிறான். சில இடங்களில் எழுத்து உடைந்து வருகிறது, 'தெளிவு' கூடச் சரியாக வரவில்லை. ஏன்?
— திருவல்லிக்கேணி வாசகி

பதில்: இந்த மாதம் வந்ததில் நான் அதிக நேரம் உட்கார்ந்து யோசித்த கேள்வி உங்களுடையதுதான். மகனிடம் இதைக் கொடுங்கள்.

பாமினியில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. 'கொ' என்று தெரிவது உள்ளே என், எஃப், எச். தட்டச்சு இயந்திரத்தில் அடித்த வரிசைதான்: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம்தான் முன்னால் வரும், 'ஒ'கரக் குறி அதன் பின்னால். அதனால் ஒவ்வொரு எழுத்தாக மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டுத்தான் ஒற்றை எழுத்துக்கு வர வேண்டும்.

'தெளிவு' உடைவதற்குக் காரணம் ஔகாரம். பாமினியில் 'ௌ' குறியின் பின்பாதியும் 'ள' எழுத்தும் ஒரே விசை. கொம்பு, தகரம், ளகரம் என்று பார்த்ததும் ஸ்கிரிப்ட் அவசரப்பட்டுத் 'தௌ' என்று முடிவு செய்கிறது. பின்னால் வரும் இகரக் குறிக்கு ஒட்ட இடமில்லாமல் போகிறது. ளகரத்துக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது 'ள' என்றே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: தெளிவு, வெள்ளம் எல்லாம் பிழைத்துவிடும். அப்படி எதுவும் வராத இடங்கள், கௌரி, பௌர்ணமி மாதிரி, பெரும்பாலும் ஔகாரம்தான். அவற்றை மட்டும் மஞ்சள் பூசி வைக்கச் சொல்லி நீங்கள் கண்ணால் பாருங்கள்.

அப்பா நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் எழுதியிருப்பார். அவற்றையும் ஸ்கிரிப்ட் தமிழாக்கிக் குலைத்துவிடும். எந்தத் துண்டு எந்த ஃபான்ட் என்று பார்த்து, பாமினியை மட்டும் மாற்ற வேண்டும். வேர்டு ஃபைல்களைக் கையாளும் 'பைதான் டாக்ஸ்' என்ற நிரல் நூலகத்தில் சில துண்டுகளுக்கு ஃபான்ட் பெயர் காலியாக வரும். அங்கே ஃபான்ட் ஸ்டைலிலிருந்து வருகிறது என்று அர்த்தம், அதையும் போய்ப் பார்க்க வேண்டும்.

மாற்றிய பிறகு லதா என்ற யூனிகோடு ஃபான்ட்டைக் கொடுத்தும் வேறு உருவம் வந்தால் பதற வேண்டாம். வேர்டு தமிழைச் 'சிக்கல் எழுத்து' (காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட், சுருக்கமாக 'சி எஸ்') வகையில் வைத்திருக்கிறது. அந்த நூலகம் ஃபான்ட் பெயரை ஆங்கில வகைக்கு மட்டும்தான் எழுதும். தமிழுக்கான 'சி எஸ்' இடத்தில் தனியாக எழுத வேண்டும். கடைசியாக, 'கொ'வின் குறியைச் சில மாற்றிகள் இரண்டு துண்டாக வைத்துவிடும். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் தேடினால் கிடைக்காது. பைதானிலேயே 'என் எஃப் சி' முறையில் ஒரு முறை சீராக்கினால் ஒன்றாகிவிடும்.

இத்தனைக்கும் அப்புறம் ஒருவர் மூலத்தைப் படிக்க, இன்னொருவர் புதியதைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அப்பா எழுதியது, அவருடைய ஊர்ப்பெயர்களும் ஆட்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. அந்த வேலையை ஸ்கிரிப்டிடம் விடாதீர்கள். பழைய ஃபைலை அழிக்கவும் செய்யாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் வேர்டு கிடையாது, லிப்ரே ஆபீஸ்தான். ஸ்கிரிப்ட் எழுத முடியுமா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: தாராளமாக. அதில் பேசிக், பைதான் இரண்டுமே ஓடும். ஒரு ஃபோல்டர் முழுக்க இருக்கும் டாக்குமென்டுகளை, ஜன்னலே திறக்காமல் ஒரே கட்டளையில் பி.டி.எஃப். ஆக்கும் வசதியும் உண்டு, எங்கள் கடையில் சாயங்காலம் அதுதான் ஓடும். வேர்டுக்கு எழுதிய மேக்ரோவை அப்படியே கொண்டுவந்து நம்பாதீர்கள், பாதி ஓடும், பாதி நிற்கும். புதிதாகத் தொடங்குவதானால் பைதானில் தொடங்குங்கள், தமிழை நேராக எழுதலாம். ஃபைலில் கண்ணுக்குத் தெரியும் சொல்லை ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்கவில்லையென்றால், அந்தச் சொல் உள்ளே துண்டு துண்டாகக் கிடக்கும். ஃபைலின் நகல் ஒன்றை எடுத்து, பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள், தெரியும். அந்தச் சொல்லை முழுதாக அழித்து ஒரே மூச்சில் மறுபடி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

கேள்வி: எனக்கு வயது 47. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் பாஸ். மண்ணடியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். இனி இதையெல்லாம் ஸ்கிரிப்டே செய்துவிடும் என்கிறார்கள். இந்த வயதில் நான் கற்றுக்கொள்ள முடியுமா அக்கா?
— ராயபுரம் வாசகி

பதில்: முடியும். உங்களைப் போன்றவர்கள்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அஃபிடவிட்டில் எது மாறும், எது மாறவே கூடாது, பிரேயர் (கோர்ட்டிடம் கேட்கும் கோரிக்கை) எங்கே தொடங்கும், வாதி இரண்டு பேரானால் எந்தெந்த வரியில் பன்மை வரும் என்பது உங்கள் விரலில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதும் பையனுக்கு அது தெரியாது, உங்களிடம்தான் கேட்டாக வேண்டும்.

தினமும் செய்து சலித்த ஒரு வேலையை எடுங்கள். கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மேட்டரை ஒட்டி, இரட்டை இடைவெளி நீக்கி, வரி இடைவெளி, மார்ஜின் வைப்பது போல. 'வியூ' பகுதியில் 'மேக்ரோஸ்', அதில் 'ரெக்கார்ட் மேக்ரோ'. ரெக்கார்ட் ஓடும்போது மவுஸால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, எல்லாம் கீபோர்டில்தான் செய்ய வேண்டும். மற்றவர்கள் திணறும் இடம் அது, தட்டச்சு படித்தவர்களுக்குச் சுலபம். முடித்ததும் ஆல்ட், எஃப்11 அழுத்தி அது என்ன எழுதிவைத்திருக்கிறது என்று படியுங்கள். மார்ஜின் எண் ஒன்றை மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

வேலை சீக்கிரம் முடிகிறது என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்க யாரையும் விடாதீர்கள். மிச்சமாகும் நேரத்தில் வழக்கு எண், தேதி, பெயர் சரிபார்க்கும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். ரெக்கார்ட் செய்த மேக்ரோ எந்த வரியில் நிற்கிறது என்று எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் பார்த்துவிடலாம்.