67 கோடி ஆண்டில் 160 கோடி சூரியன் எடை: வடசென்னை வாசகர்களின் கருந்துளைக் கேள்விகள்

கேள்வி (கல்லூரி மாணவி, வியாசர்பாடி): ஆதி கேலக்ஸிகளில் கருந்துளைகள் சீக்கிரமே பெருத்துவிட்டன என்கிறார்களே, அதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா சார்?

தாராளமாக முடியும்மா. செல்போன் கால்குலேட்டரே போதும். இது வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்கு. நிறை கூடக் கூட விழுங்கும் வேகமும் கூடும். உள்ளே விழும் பொருளில் ஒளியாக வெளியேறும் பங்கை 0.1 என்று வைத்துக்கொள். 0.1-ஐ, துளையில் சேரும் மீதிப் பங்கான 0.9-ஆல் வகுத்து, 45 கோடி ஆண்டு என்ற மாறிலியால் பெருக்கினால் 5 கோடி ஆண்டு. எடிங்டன் வரம்பிலேயே, அதாவது வெளியேறும் ஒளி வாயுவைத் தள்ளிவிடாத உச்ச வேகத்திலேயே, இடைவிடாமல் தின்றால் நிறை 2.718 மடங்காக ஆகும் காலம் இது. இரட்டிப்பாகச் சுமார் 3.5 கோடி ஆண்டு.

இப்போது 2021-ல் அறிவிக்கப்பட்ட ஜே0313-1806 குவேசாரை (வாயுவை விழுங்கும் பெருங்கருந்துளையால் ஒளிரும் கேலக்ஸி மையம்) எடு. பெருவெடிப்புக்குப் பின் 67 கோடி ஆண்டில் அதன் நிறை சுமார் 160 கோடி சூரியன். முதல் தலைமுறை விண்மீன் செத்து விட்டுப்போன 100 சூரிய நிறையில் தொடங்கினால் 1.6 கோடி மடங்கு வளர வேண்டும். இதன் இயல் மடக்கை 16.6; ஐந்தால் பெருக்கினால் 83 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் அப்போதைய வயதே அவ்வளவு இல்லை!

ஒன்றைக் கவனி. இயல் மடக்கைக்கு உரிய ‘எல்என்’ பொத்தானுக்குப் பதில் ‘லாக்’ பொத்தானை அழுத்தினால் 7.2 வரும், விடை 36 கோடி ஆகிவிடும். சிக்கலே இல்லாத மாதிரி தெரியும்.

கேள்வி (காசிமேடு): ஒளியையே முழுங்குற ஆளு, ஒளியால தடுக்கப்படுறது எப்படி சார்?

தடுக்கும் ஒளி துளைக்குள்ளிருந்து வருவதில்லை. சுற்றிச் சுழலும் வாயுத்தட்டு உராய்ந்து சூடேறி வெளியே வீசுவது. அது எலக்ட்ரான்களைத் தள்ளும், ஈர்ப்பு புரோட்டான்களை இழுக்கும். மின்விசையால் இரண்டும் பிணைந்தே நகரும். இரு விசைகளும் தூரத்தோடு ஒரே விதமாகக் குறைவதால் தூரம் கணக்கிலிருந்து அடிபட்டு, நிறை மட்டும் மிஞ்சுகிறது. ஒரு சூரிய நிறைக்குச் சுமார் 33,000 சூரியன்களின் ஒளி. அதைத் தாண்டினால் வாயு வெளியே தள்ளப்படும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): வேகமாகச் சுழலும் கருந்துளை வேகமாக வளருமா?

நேர்மாறு. சுழற்சி கூடினால் தட்டின் உள்விளிம்பு துளையை நெருங்கும், அதிக ஆற்றல் ஒளியாகப் போகும். சுழலாத துளைக்கு அந்தப் பங்கு 0.057, உச்ச சுழற்சியில் 0.42 வரை. 0.3 என்று போட்டால் அந்த 5 கோடி, 19 கோடியாக நீளும். ‘எவ்வளவு நாளில் வளரும்’ என்று ஒரே எண்ணைச் சொல்பவரிடம் முதலில் இந்தப் பங்கை எவ்வளவு என்று எடுத்தார் எனக் கேளுங்கள்.

கேள்வி (ஆசிரியை, திருவொற்றியூர்): அப்படியானால் தொடக்கமே பெரிதாக இருந்திருக்குமா?

அது ஒரு வழி. ஒரு லட்சம் சூரிய நிறையில் தொடங்கினால் அதே கணக்கு 48 கோடி ஆண்டில் முடிந்துவிடும். ஆனால் அப்படி ஒரு ‘விதை’, அதாவது தொடக்கத் துளை, அமைவது லேசில்லை. வாயு மேகம் துண்டு துண்டாக உடைந்து விண்மீன்களாகிவிடாமல் மொத்தமாகச் சரிய வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறு இருந்தால் வாயு குளிர்ந்து உடையும். பக்கத்து கேலக்ஸியின் புற ஊதா ஒளி அதைச் சிதைத்தால் வாயு சுமார் 8,000 கெல்வினில் நின்று ஒரே கட்டியாக இறங்கும்.

கோவையில் பிறந்த விண்ணியற்பியலாளர் பிரியம்வதா நடராஜன் இந்தக் கனத்த விதைகள் பற்றி நெடுங்காலம் ஆய்ந்தவர். அப்படிப் பிறந்த துளை தொடக்கத்தில் தன் கேலக்ஸியின் விண்மீன்களுக்கு ஈடான நிறையோடு இருக்கும் என்பது அவர் குழுவின் கணிப்பு. இன்றைய கேலக்ஸிகளில் துளை, மையப்புடைப்பின் (கேலக்ஸி நடுவில் திரண்டிருக்கும் விண்மீன் கூட்டம்) நிறையில் அரை சதவீதத்துக்குள்தான். நம் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி 47 கோடி ஆண்டு வயதுப் பிரபஞ்சத்தில் கண்ட யுஎச்இசட்1 என்ற கேலக்ஸி, அந்தக் கணிப்போடு பொருந்துகிறது.

கேள்வி (பெரம்பூர்): வரம்பை மீறித் தின்னவே முடியாதா?

முடியும். வாயு மிக அடர்த்தியாக இருந்தால் ஒளி வெளியேறும் முன்பே வாயுவோடு சேர்த்து உள்ளே இழுபட்டுவிடும். 2024-ல் அறிவிக்கப்பட்ட எல்ஐடி-568 என்ற கருந்துளை, வரம்பைப் போல 40 மடங்கு வேகத்தில் தின்பதாக மதிப்பிட்டார்கள். நீடிப்பதுதான் கஷ்டம். துளையருகிலிருந்து பீய்ச்சும் தாரைகளும் காற்றும் தீவனத்தையே ஊதித் தள்ளும். குட்டி கேலக்ஸியில் சூப்பர்நோவா வெடிப்புகளும் வாயுவைக் காலி செய்யும். கனத்த விதை, நடுநடுவே குறுகிய பெருந்தீனி, இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் சாய்வு.

கேள்வி (கொருக்குப்பேட்டை): நிறையையே தப்பாக அளந்திருந்தால்?

கேட்க வேண்டிய கேள்வி. நிறமாலையில் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டை) ஹைட்ரஜன் கோடு எவ்வளவு அகன்றிருக்கிறதோ, அதிலிருந்து வாயுவின் வேகம். பிரகாசத்திலிருந்து வாயு இருக்கும் தூரம். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் நிறை, கூடவே ஒரு திருத்தக் காரணி. இதிலேயே இரண்டு மூன்று மடங்கு பிழை சகஜம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி காட்டிய ‘சிறு சிவப்புப் புள்ளிகள்’ (ஆதி பிரபஞ்சத்தின் கச்சிதமான செந்நிற ஒளிமூலங்கள்) இன்னும் மோசம்: அடர்ந்த எலக்ட்ரான்களில் ஒளி சிதறினால் கோடு தானாகவே அகலும். நிஜ அகலம் பாதியென்றால் நிறை கால்வாசிதான்.

கேள்வி (எண்ணூர்): நம்ம ஊரிலிருந்து குவேசார் தெரியுமா?

ஆதி குவேசார் தெரியாது. அதன் ஒளி அகச்சிவப்புக்கு நீண்டுவிட்டது. கன்னி ராசியில் இருக்கும் 3சி 273 என்ற குவேசாரை முயலுங்கள், ஒளி எண் (கூடக் கூட மங்கல்) சுமார் 12.9. அனல்மின் நிலைய வெளிச்சத்தில் வேலைக்காகாது. 8 அங்குலத் தொலைநோக்கியோடு பழவேற்காட்டுப் பக்கம் போங்கள். மே தொடக்கத்தில் இரவு 10 மணிக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். பார்க்கச் சாதாரண விண்மீன் மாதிரியே இருக்கும், அதனால் வரைபடம் இல்லாமல் போகாதீர்கள்.