லாரி பாடி கட்டும் கம்பெனியில் மகனைச் சேர்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் முடித்த மகனுக்கு டிப்பர், டிரெய்லர் கட்டும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி வேகமாக வளர்கிறது என்கிறார்கள், ஆனாலும் "கார் கம்பெனிக்குப் போக வேண்டியவன் பட்டறைக்குப் போகிறானே" என்று உங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

பட்டறை என்று நீங்கள் சொல்வதில் தப்பில்லை. இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள் சில பட்டறையில் பிறந்தவைதான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் கொல்லு வேலை பார்த்த ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்பவர், 1914இல் மர வியாபாரி ஒருவரின் படகை ஏற்றிப்போக, ஃபோர்டு காரின் பின்னால் பூட்டும் வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். பிடித்துப்போன வியாபாரி அடுத்து மரம் ஏற்றவும் வண்டி கேட்டார். 1918இல் அது டிரெய்லர் கம்பெனி ஆகிவிட்டது. அதே நாட்டின் மில்வாக்கியில் ஜூலியஸ் ஹைல் என்பவர் 1901இல் தொடங்கியதோ தண்டவாள இணைப்புகளுக்கு வெல்டிங் செய்யும் நிறுவனம். கைவந்த வெல்டிங்தான் அவர்களை டேங்கருக்கும் டிப்பருக்கும் குப்பை லாரிக்கும் கொண்டுபோனது. (மனிதர் பின்னாளில் விஸ்கான்சின் மாநில ஆளுநராகவும் இருந்தார்!)

இந்த வேலையில் படிப்பு எங்கே பயன்படும் என்று கேட்டிருந்தீர்கள். வண்டியின் மொத்த எடைக்குச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. பாடியில் 500 கிலோ குறைத்தால் நடைக்கு நடை 500 கிலோ சரக்கு கூடும். அதற்காகவே 450 பிரினெல் (உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் அளவு) கடினமுள்ள எஃகுத் தகடுகளைப் போடுகிறார்கள். மெல்லிசாக இருந்தாலும் கல்லும் மண்ணும் உரசுவதைத் தாங்கும். ஆனால் ஈரம் பிடித்த வெல்டிங் ராடால் (மூட்டில் உருக்கி ஊற்றும் கம்பி) அதை வெல்டிங் செய்தால், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, அன்றைக்கு நன்றாகத் தெரிந்த மூட்டு மறுநாள் விரிசல் விடும். டிப்பரைத் தூக்கும்போது ஈர்ப்பு மையம் மேலே போகும். தரை ஒரு பக்கம் சரிந்திருந்து, ஈர மண்ணும் மூலையில் ஒட்டிக்கொண்டால் வண்டியே கவிழும். பையன் படித்த பாடம் முழுக்க இதில் இருக்கிறது. பெரிய கார் ஆலையில் ஒரு சின்ன பாகத்தோடு வருடக்கணக்கில் நிற்க வேண்டிவரலாம். இங்கே டிராயிங்கிலிருந்து டெலிவரி வரை கூடவே போகலாம். முதல் 3 வருடத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

என் கவலை வேறு. கட்டுமானமும் சுரங்கமும் படுத்தால் இந்தத் தொழிலும் கூடவே படுக்கும். ஆகவே எத்தனை ஆர்டர் என்று கேட்காதீர்கள், யார் யாரிடமிருந்து என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே துறையிலிருந்து வந்தால் அந்த வளர்ச்சியை நான் நம்பமாட்டேன். டிசைன் பிரிவு இருக்கிறதா, ஜிக் (பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் சட்டம்) வைத்துக் கட்டுகிறார்களா, மேஸ்திரியின் கண்ணளவுதானா என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். நிரந்தர வேலையா, ஒப்பந்தமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சேருவதற்கு முன் ஒரு நாள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேட்கட்டும். சத்தத்தையும் புகையையும் அவனே பார்த்து முடிவு செய்துகொள்வான். ஆனால் தூக்கி நிறுத்திய பாடிக்கு முட்டுக் கொடுக்காமல், ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி, அடியில் யாராவது படுத்து வேலை செய்தால், வேலை உத்தரவை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடச் சொல்லுங்கள்.