வாரிஸா, பெஞ்சாமினா? எந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்?

கேள்வி: மலேசியா பேராக்கில் ஒரு தோட்டப்புற டவுனில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இலங்கையிலிருந்து அகதியாக வந்த ஒருவர், முல்லைத்தீவுக்காரர், மூன்று வருடமாகக் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் இருக்கிறார். இனிப்புநீர் (நீரிழிவு) முற்றி, இப்போது கிட்னியும் கெட்டுவிட்டது. போன வருடம் அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன். அந்த பில்லைக் கட்டியும் விட்டேன். இந்த வருடம் மறுபடி சேர்த்தோம். யுஎன் அகதி அட்டை காலாவதியாகி இருந்ததால் வெளிநாட்டவர் கட்டணத்தை முழுசாகப் போட்டு, 6,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டச் சொல்லி என் பெயருக்கே கடிதம் வந்திருக்கிறது. ஒருவருக்கு உதவி செய்தது குற்றமா ஐயா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் ஐந்து பக்கம். கவுண்டரில் பேசிய பேச்சு, கனடாவிலிருக்கும் அவருடைய சொந்தங்கள் போன் எடுக்காதது, கோயில் கமிட்டி கைவிரித்தது என்று நாலு பக்கம் போய்விட்டது. மனசு வலித்திருக்கும், புரிகிறது. ஆனால் அதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வேண்டிய வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது: ‘ரெண்டாவது தடவை வாரிஸ் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.’ உங்கள் விவகாரம் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

மருத்துவமனையின் மலாய்ப் படிவத்தில் வாரிஸ் என்றால், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கான பெயர். பெஞ்சாமின் என்றால் பணத்துக்குப் பொறுப்பு. இரண்டும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டமாக இருந்தால் யாரும் பார்ப்பதில்லை. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்த தாத்தா காலத்துப் பழக்கம், இன்னும் நம்மை விடவில்லை. அந்தப் படிவத்தின் நகலை முதலில் வாங்குங்கள். வாரிஸ் கட்டத்தில் மட்டும் உங்கள் கையெழுத்து இருந்தால், இரண்டாவது பில்லுக்கு அந்தத் தாள் உங்களைக் கட்டுப்படுத்தாது.

ஆனால் முதல் வருடத்து ஜாமீன் படிவம் இருக்கிறதே, ஆபத்து அதில்தான். அது அந்த ஒரு அட்மிஷனுக்கு மட்டும் என்று தேதியோடு, பதிவு எண்ணோடு இருக்கிறதா? இல்லை, ‘செமுவா பாயாரான் ராவாத்தான்’, அதாவது சிகிச்சைக் கட்டணம் எல்லாவற்றுக்கும் என்று திறந்த வாக்கில் இருக்கிறதா? இரண்டாவது வகை என்றால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 82வது பிரிவு சொல்லும் தொடர் ஜாமீன் (அடுத்தடுத்த பில்களுக்கும் செல்லும் ஜாமீன்) என்று மருத்துவமனை வாதாட இடமிருக்கிறது. 81வது பிரிவின்படி, வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. ஒரு தடவை வந்து போகும் காய்ச்சலுக்கு இது பெரிய விஷயம் இல்லை. இனிப்புநீரும் கிட்னியும் அப்படியா? மாதா மாதம் பில் வரும் நோய்.

வழி அடுத்த பிரிவிலேயே இருக்கிறது. 83வது பிரிவு: தொடர் ஜாமீனை எப்போது வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம், இனி வரப்போகும் செலவுக்கு மட்டும். இந்த வாரமே மருத்துவமனை இயக்குநர் பெயருக்கு எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் சாப் (முத்திரை) குத்தி வாங்குங்கள். அதற்கு முன்னால் அந்த மனிதரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த அப்பாயின்மென்டில் அவர் திகைத்து நிற்கக்கூடாது. மருத்துவச் சமூகப்பணிப் பிரிவில் அவர் பெயரைப் பதிந்து, இனிப்புநீர் ஃபாலோஅப்பை டவுன் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) மாற்ற டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். ‘சோஷியல் ஜாமீன்தாரை, அதாவது லாபம் பார்க்காமல் ஜாமீன் நின்றவரை, திவாலாக்க முடியாது’ என்று யாராவது தைரியம் சொன்னால் நம்ப வேண்டாம். திவால் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு படிப்புக் கடன், சொந்தக் கார், சொந்த வீடு மாதிரி சிலவற்றுக்குத்தான். மருத்துவமனை பில் அதில் இல்லை.

சரி, உங்கள் கேள்வியில் இல்லாத இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். கூடவே ஒரு புகார்க் கடித நகலை அனுப்பி, ‘அமைச்சருக்குப் போடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். இந்த மாதிரிக் கடிதங்களால் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறவர் தன் நல்ல மனசை நிரூபிக்க எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். உங்கள் புகார்க் கடிதத்தில் அப்படி மூன்று இடம்.

‘கடையில் கூடமாட நிற்பார், மருந்துச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.’ குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவில், சம்பளம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இது வேலைக்கு வைத்ததுதான். ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘கடைக்குப் பின்னால் தங்க இடம் கொடுத்தேன்.’ இது 55இ. ஆளுக்கு 5,000 முதல் 30,000 வரை அபராதம், சிறையும் உண்டு. மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. யுஎன் அட்டை இந்தச் சட்டத்தில் தங்குவதற்கான பாஸ் ஆகாது. அட்டையைப் பார்த்து விட்டுவிடுவதும் நடக்கிறது, ஆனால் அது சலுகை. கோர்ட்டில் எடுத்து நீட்ட முடியாது.

மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ‘நடுவில் சில மாதம் என் தம்பி ஐசியில் கிளினிக்கில் மருந்து எடுத்தோம், 1 வெள்ளிதான் ஆனது.’ அம்மா, அடுத்தவர் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பயன்படுத்தினால் 1990 தேசியப் பதிவு விதிகளின் 25வது விதியில் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். தம்பியும் விசாரணைக்கு வரவேண்டியிருக்கும். அது மட்டுமா? தம்பியின் பதிவில் அவருக்கு இல்லாத இனிப்புநீர் ஏறியிருக்கிறது. உங்கள் நோயாளியின் பதிவில் அந்த மாதங்கள் காலி. கிட்னி டாக்டர் எதை நம்பி மருந்தின் அளவைக் குறைப்பார்? இன்றோடு நிறுத்துங்கள்.

பணத்துக்கு வருவோம். யுஎன் அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. 2005லிருந்து இருக்கும் ஏற்பாடு. அட்டையைப் புதுப்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்தத் தேதியிலும் பதிவில் இருந்தவர்தான் என்று யுஎன் அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கி, பில்லை மறுபடி கணக்கிடச் சொல்லி ஒரே பக்கத்தில், உணர்ச்சி இல்லாமல் எழுதுங்கள். இனி அட்டை முடிவதற்குள் புதுப்பித்தே ஆகவேண்டும். ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்கச் சொல்லி 2001இலேயே சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. கட்டணம் இரட்டிப்பாவதை விட அதுதான் பெரிய தொல்லை.

கணக்கு பாதியானால் 3,400. படிவம் உங்களுக்குச் சாதகமாகவே இருந்தாலும் கட்டி முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இதற்கு வழக்கு என்று போனால் வக்கீல் செலவே அந்தத் தொகையைத் தாண்டும். சாட்சிக் கூண்டில் ஏறினால் ‘இவர் உங்களுக்கு என்ன உறவு, எங்கே தங்குகிறார்’ என்று முதல் கேள்வியே வரும். மருத்துவமனையின் வருமானப் பிரிவில் தவணை கேளுங்கள், மாதம் 200 என்றால் பெரும்பாலும் பேசி முடிக்கலாம். ஆனால் எழுத்தில் முடிவாகும் முன்னால், தொந்தரவு போகட்டுமே என்று 50 வெள்ளிகூடக் கட்டாதீர்கள். பொறுப்பை ஒப்புக்கொண்டதாக அந்த ரெசிட்டையே காட்டுவார்கள். தவணைக் கடிதத்தில் ‘பொறுப்பை ஏற்காமல், இந்த ஒரு பில்லுக்கு மட்டும்’ என்ற வரி இருக்க வேண்டும். அப்புறம், தம்பியின் ஐசி இன்னும் உங்கள் கடை மேசை டிராயரில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்று மாலையே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.