Re: புதன் கிரகத்தில் என் வயது 8 தானா?

புதனில் உங்கள் வயதைக் கணக்கிட, பூமியில் உங்கள் வயதான 34-ஐ 0.24-ஆல் (புதனின் ஒரு வருடம் நம் வருடத்தில் இவ்வளவுதான்) பெருக்கியிருக்கிறீர்கள், அதனால்தான் 8 வந்தது. வகுக்க வேண்டும். புதன் சூரியனை 88 நாளில் சுற்றிவிடுகிறது. அங்கே வருடம் சின்னது, ஆகவே வயது கூடத்தான் செய்யும். 34 வருடம் என்பது சுமார் 12,418 நாட்கள். அதை 88-ஆல் வகுத்தால் 141 தாண்டிவிடும்.

வெள்ளிக்கு 51 என்று போட்டிருக்கிறீர்களே, அங்கே சறுக்கியது வேறு இடத்தில். நீங்கள் எடுத்த 243 நாள், வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஆகும் நேரம். சூரியனைச் சுற்ற அதற்கு 225 நாள் போதும். தன் வருடத்தைவிட நீளமாகத் தன்னைச் சுற்றும் விசித்திரக் கிரகம் அது, குழம்புவது சகஜம்தான். சரியான விடை 55.

செவ்வாயில் 18, வியாழனில் இன்னும் 3 முடியவில்லை. நெப்டியூனில் உங்களுக்கு முதல் பிறந்தநாளே வராது: அதன் ஒரு வருடம் நம் 165 வருடம். 1846-இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அது முதல் சுற்றை முடித்ததே 2011-இல்தான்!

அப்புறம், 'புதனுக்குப் போனால் சீக்கிரம் கிழவனாகிவிடுவேனா' என்று கேட்டிருந்தீர்கள். மாட்டீர்கள். மாறுவது எண்ணும் அளவுகோல் மட்டும். உடம்புக்கு எங்கே இருந்தாலும் அதே 12,418 நாள்தான்.