மனுசி, பிள்ளையைக் கூப்பிடுறது: பழைய இலவச வழி இன்னும் இருக்கா?

இல்லை. அகதி அந்தஸ்து கிடைச்சவர் குடும்பத்தைக் காசு கட்டாமல் கூப்பிடுற வழியைப் பிரித்தானியா 2025 செப்டெம்பர் 4, பின்னேரம் 3 மணியோட நிப்பாட்டிட்டுது. "இப்பவும் போடலாம்" எண்டு ஆராவது உங்களுக்குச் சொன்னால், அவர் பழைய விதியை வைச்சுக் கதைக்கிறார் போல.

ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தால் ஒண்டு பாருங்கோ: ஒன்லைனில அனுப்பினதும் வந்த மெயிலில திகதியும் நேரமும் இருக்கும். அந்த 3 மணிக்கு முந்தி எண்டால் பழைய விதிதான், பயமில்லை.

பிந்தி எண்டால், இல்லாட்டி இன்னும் போடேல்லை எண்டால், சாதாரண துணை விசா (புருசன், மனுசியைக் கூப்பிடுற விசா) தான். கூப்பிடுறவர் வருச வருமானம் 29,000 பவுண் காட்டோணும், மனுசி ஆங்கிலச் சோதனை எடுக்கோணும். பெற்றோல் செட்டில ஆகக் குறைஞ்ச சம்பளத்துக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் இரவிரவா நிண்டாலும் அந்தக் கணக்கு வராது, அதுதான் கொடுமை.

ஆனால் வருமானம் காணாது எண்டு விட்டிடாதேங்கோ. பிள்ளையின்ர நலனைக் காட்டி விதிவிலக்கும், கட்டணத் தள்ளுபடியும் கேக்கலாம். கிடைக்கும் எண்டு உறுதி இல்லை. பதிவுள்ள சட்ட ஆலோசகரிட்ட மட்டும் போங்கோ.