ஒரே ஆள் மூன்று மாநிலங்களிலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போனது உண்டா? அது எப்படிச் சாத்தியமானது?

உண்டு. ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். இல்லினாய்ஸ், மினசோட்டா, மிசௌரி ஆகிய மூன்றுக்கும் செனட்டராக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அயர்லாந்தின் டைரோன் பகுதியில் பிறந்து, இல்லினாய்ஸில் வழக்கறிஞரானவர். 1842-இல் மாநிலக் கணக்குத் தணிக்கையாளராக இருந்தபோது, தன்னைக் கிண்டல் செய்த பத்திரிகைக் கடிதங்களுக்காக ஆபிரகாம் லிங்கனை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்தார். களம் வரை போய்ச் சமாதானமானது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அமெரிக்க-மெக்சிகோ போர். 1847 ஏப்ரலில் செரோ கோர்டோவில் குண்டு மார்பைத் துளைத்தது. பிழைத்தெழுந்து அதே செப்டம்பரில் சாபுல்டெபெக்கிலும் காயப்பட்டார். அந்தப் புகழோடு ஊர் திரும்பியவரை இல்லினாய்ஸ் சட்டமன்றம் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது.

சிக்கல் அங்கேதான். செனட்டராக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். 9 ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். தேர்தலின்போது அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். ஷீல்ட்ஸ் குடியுரிமை பெற்றது 1840 அக்டோபர் 21. பதவிக்காலம் தொடங்கியது 1849 மார்ச் 4. கணக்குப் போட்டால் ஏழரை மாதம் குறைகிறது. அவர் ராஜினாமா கடிதம் கொடுத்தும், மார்ச் 15 அன்று செனட் அந்தத் தேர்தலே செல்லாது என்று தீர்மானித்தது. சட்டமன்றம் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. புதிய பதவிக்காலக் கணக்கு அக்டோபர் 27-இல் தொடங்குகிறது, அதாவது ஒன்பது ஆண்டு நிறைந்து ஆறே நாளில்.  

1855-இல் இல்லினாய்ஸ் இடத்தை இழந்தார். மினசோட்டாவில் அயர்லாந்துக்காரர்களைக் குடியேற்றப் போனார். 1858 மே மாதம் அது மாநிலமானதும் செனட்டரானார். புது மாநிலத்தின் இரு செனட்டர்களில் யாருக்கு எவ்வளவு காலம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். குறுகிய காலம் இவருக்கு விழுந்தது. 1859 மார்ச் 3-உடன் முடிந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் படைத்தலைவர். 1862 மார்ச்சில் கெர்ன்ஸ்டவுனில் தெற்குத் தரப்புத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனைத் தோற்கடித்தது இவருடைய படை. ஆனால் முந்தின நாளே குண்டுச் சிதறலில் கை முறிந்ததால் களத்தில் நடத்தியது இவருக்குக் கீழிருந்த நேதன் கிம்பல். வெற்றியில் கிம்பலின் பங்கைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஜூனில் போர்ட் ரிபப்ளிக்கில் அதே ஜாக்சனிடம் ஷீல்ட்ஸின் படை தோற்றது. 1863-இல் ராணுவத்தை விட்டார்.

மிசௌரி செனட்டர் லூயிஸ் போகி 1877-இல் பதவியிலிருக்கும்போதே இறந்தார். அந்த இடத்தின் மிச்சக் காலத்துக்கு, அங்கே குடியேறியிருந்த ஷீல்ட்ஸ் தேர்வானார்: 1879 ஜனவரி 27 முதல் மார்ச் 3 வரை. அதே ஆண்டு ஜூன் 1-இல் காலமானார்.

எப்படிச் சாத்தியமானது என்றால், வசிக்க வேண்டும் என்ற விதி எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை. செனட்டர்களைத் தேர்ந்தெடுத்ததும் மாநிலச் சட்டமன்றங்கள். ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்கத் தேவையில்லை; சில டஜன் உறுப்பினர்களின் ஆதரவு போதும். 1913-இல் வந்த அரசியலமைப்பின் 17-வது திருத்தம்தான் அந்தத் தேர்வை மக்கள் கையில் கொடுத்தது. வசிப்பிட விதி இன்றும் அப்படியே இருக்கிறது.