எல்லோரும் ஏற்கெனவே செட் ஆகிவிட்டார்கள்!

கேள்வி: அப்பாவுக்கு மாற்றல். பெரிய நகரத்தை விட்டு ஒரு சின்ன ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். வகுப்பில் மற்ற எல்லோரும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள். பழைய கதை எதையாவது சொல்லிச் சிரிப்பார்கள், நான் மட்டும் முழித்துக்கொண்டு நிற்பேன். என் பேச்சையும் சிலர் கேலி செய்கிறார்கள். நானும் அவர்களைப் போலவே பேசப் பழகட்டுமா?

- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: வேண்டாம்மா. வலிந்து பேசினால் அதற்கும் சேர்த்துக் கேலி செய்வார்கள். கூடப் பழகப் பழகப் பேச்சு தானாக ஒட்டிக்கொள்ளும், உனக்கே தெரியாது.

நான்கு மாதம் உனக்கு ஒரு யுகமாகத் தெரியலாம். ஆனால் ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018-இல் ஒரு கணக்கு சொன்னார். வேறு ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்களையும் கேட்டுப் போட்ட கணக்கு அது. வெறும் அறிமுகம் சாதாரணப் பழக்கமாக மாறவே சுமார் 50 மணி நேரம், நட்பாக 90, நெருங்கிய நட்பாக 200-க்கும் மேல். இதில் வேலை நேரத்தில் பக்கத்தில் இருப்பது அவ்வளவாகச் சேராது, வெட்டிப் பேச்சும் விளையாட்டும்தான் சேரும். பாடவேளையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால் நீ இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாய்.

அந்தக் கூட்டத்தில் மொத்தமாகப் போய்ச் சேரப் பார்க்காதே. உன் தெருப் பக்கமாக நடந்து போகிறவள், மணி அடிப்பதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பவள் என்று யாராவது ஒருத்தி இருப்பாள். அவளோடு தினமும் பத்து நிமிடம் பேசு. விளையாட்டோ பாட்டோ, வாரா வாரம் அதே ஆட்கள் வருகிற ஏதாவது ஒன்றில் பெயரைக் கொடு.

அப்புறம், அந்தப் பழைய கதைகள். சிரிப்பு அடங்கியதும், "எனக்கும் சொல்லுங்களேன், அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பார். ஒருத்தி ஆரம்பிப்பாள், இன்னொருத்தி "அப்படி இல்லைடி" என்று குறுக்கே விழுவாள், யார் முதலில் ஓடியது என்று சண்டையே வரும். நடுவராக நீ நிற்பாய். கதை கேட்க ஒரு புது ஆள் கிடைப்பது அவர்களுக்கும் கொண்டாட்டம்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. "எங்க ஊர்ல இப்படி இல்லை" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறாய்? புதிதாக வருகிறவர்கள் தெரியாமலே செய்கிற காரியம் இது. கேட்பவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். சின்ன ஊரில் பேச்சு வேறு வேகமாகப் பரவும்.

பேச்சைக் கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிடு, நாளடைவில் சலித்துவிடும். ஆனால் பையை ஒளித்துவைப்பது, வேண்டுமென்றே ஒதுக்கிவைப்பது, கை நீட்டுவது என்று போனால் அது கேலி இல்லை. அன்றைக்கே வகுப்பாசிரியரிடமும் வீட்டிலும் சொல்லிவிடு.